வேலுவின் வெள்ளை வண்டி

ஏப்ரல் 5, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே பெங்களூரில் வெயில் சுள்ளென்று. குழாயில் தண்ணீர் இல்லை. அல்சூர் ஏரிப் பக்கமிருந்து எப்போதும் கொஞ்சம் காற்று வரும், இன்று அதற்கும் ஞாயிறு போல.

திருப்பத்தூரிலிருந்து சம்பந்தியம்மா கடிதம். கல்பனாவுக்கு வளைகாப்பு 29ஆம் தேதி, புதன். முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போகலாமாம். ஆனால் பஸ் கூடாது, குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கடைசியில் ஒரு வரி: வண்டி வசதி இல்லையென்றால் தலைப்பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்கிறோம்.

சரசா அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். "வசதி இல்லைன்னான்னு எழுதறாங்க பாத்தீங்களா? என் பொண்ணு என் வூட்லதான் பெத்துக்கணும்."

வாடகைக் கார் பிடிக்கலாம் என்றேன். அப்புறம் செக்கப்புக்கு, வலி எடுத்தால், குழந்தைக்கு ஊசி போட, எல்லாவற்றுக்கும் வாடகையா என்றாள். எனக்கும் உள்ளூர ஆசைதான். லைசென்ஸ் வாங்கிப் பத்து வருஷமாக பாக்டரி காம்பவுண்டுக்குள் ஜீப் ஓட்டுவதோடு சரி. பி.எப். லோன் கிடைக்கும். பழைய கார் ஒன்று.

வேண்டியது:
விலை கம்மி.
வழியில் நிற்காத இன்ஜின்.
பின் சீட்டில் கல்பனா கால் நீட்ட இடம்.
கர்நாடக நம்பர்.

நாலாவதைச் சரசாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

புழுக்கம். ஷிப்ட் முடிந்து பாஷா பாயுடன் இரண்டு வண்டி பார்த்தேன். பாஷா முன்பு எங்கள் பாக்டரி கேரேஜில் இருந்தவர், இப்போது பழைய கார் புரோக்கர். வாங்குகிறவனிடமும் விற்கிறவனிடமும் கமிஷன் வாங்கினாலும் பொய் சொல்ல மாட்டார்.

1. மர்பி டவுனிலேயே, எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. அம்பாசடர். சொந்தக்காரர் ரிட்டயரானவர். தினமும் துடைப்பாராம், ஓட்ட மாட்டாராம். அடியில் தரை முழுக்க ஆயில். பேசும்போதெல்லாம் வண்டியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம், "விக்கறேன்னு சொல்லுவாரு, விக்க மாட்டாரு. நீங்க ஜல்தியா கெளம்புங்க." கிளம்பினோம்.

2. விவேக் நகர். பத்மினி கார். வியாழக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுத்த வண்டி என்றார்கள். பின் கதவு உள்ளேயிருந்து திறக்காது. "வெளிய இருந்து யாராச்சும் தொறந்து வுட்டா போச்சு சார்." வயிற்றுப்பிள்ளைக்காரியை உள்ளே வைத்துப் பூட்டி, யாராவது வரட்டும் என்று நிற்பதா? பாஷா சிரித்துவிட்டார்.

வரும் வழியில் கரும்பு ஜூஸ். பல் கூசுகிறது. டாக்டரிடம் போக வேண்டும் (போக மாட்டேன்).

ஏப்ரல் 11, சனி

இரண்டாம் சனி, லீவு. சரசாவுடன் பஸ்ஸில் கிருஷ்ணகிரி. அவள் தம்பி வேலு அங்கே மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். கடைக்கு ஒரு லோடு வேன் எடுக்கப் போகிறான், அதனால் தன் காரைத் தருகிறேன் என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான்.

வெள்ளை மாருதி எண்ணூறு. ஒரே கை ஓட்டிய வண்டி. சீட்டில் டவல் விரித்து வைத்திருக்கிறான். டிக்கியில் ஒரு தூசி இல்லை. பானட் மேல் டீத்தம்ளரை வைத்து இன்ஜினை ஓட விட்டான். டீ லேசாக நடுங்கியது, ஒரு சொட்டு சிந்தவில்லை. அதே டீயை எடுத்து என்னிடம் கொடுத்தான். "குடி மாமா. ஆறிடப் போவுது."

அணை வரைக்கும் நானே ஓட்டினேன். பின் சீட்டில் சரசா காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள், கல்பனாவுக்குச் சரியாக இருக்கும் என்றாள். கியர் வெண்ணெயாக விழுகிறது. பதினெட்டு வருஷமாக பாக்டரி ஸ்டோர்ஸில் வருகிற சாமானையெல்லாம் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். இந்த வண்டியில் ஒரு குறையும் கிடைக்கவில்லை.

விலையும் வெளியாள் கொடுக்கிற விலை இல்லை. "கல்பனா வரப் போற வண்டி. உங்கிட்ட லாபம் பாப்பனா மாமா?"

எல்லாம் சரி. நம்பர் டி.என்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம். அந்தக் காவிரிக் கலாட்டா நாட்களில் எங்கள் தெருமுனையில் கொளுத்தப்பட்ட வேன் ஞாபகம். யாரோ தமிழ்நாட்டுக்காரர்கள், கல்யாணச் சாமான் ஏற்றி வந்தவர்கள். ஆட்கள் ஓடிப் பிழைத்தார்கள். வேன் மட்டும் மாதக்கணக்கில் அங்கேயே நின்றது. பெயிண்ட் எல்லாம் எரிந்தும் நம்பர் பிளேட்டில் டி.என். என்ற இரண்டெழுத்து மட்டும் படிக்க முடிந்தது. பாக்டரி பஸ் பிடிக்க தினமும் அதைக் கடந்துதான் போக வேண்டும். அன்றிலிருந்து பஸ்ஸில் தமிழ்ப் பேப்பரை விரித்துப் படிப்பதில்லை. பழகிவிட்டது.

ஏப்ரல் 12, ஞாயிறு

சண்டை.

சரசா: "எந்தம்பி வண்டி வாணான்னா வாணான்னு சொல்லுங்க. ஏன் சொவத்த பாக்கறீங்க?"

நம்பரைச் சொன்னேன்.

"ஆறு வருசம் ஆயிடுச்சு. ஓசூர் ரோட்ல நின்னு பாருங்க, டி.என். வண்டி எவ்ளோ போவுதுன்னு."

போகிறது. எனக்கும் கண் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் வந்துவிட்டுப் போகிற வண்டி. இது ராத்திரி முழுக்க என் வாசலில் நிற்கப் போகிற வண்டி. மறுபடி ஏதாவது ஆனால்? உள்ளே கல்பனாவும் கைக்குழந்தையும் இருந்தால்?

"அப்ப அத அவங்கிட்ட சொல்லுங்க. பயமா இருக்குன்னு சொல்லுங்க. அவன் புரிஞ்சிக்குவான்."

சொல்ல வாய் வராது. நான் இங்கே பிறந்து வளர்ந்தவன், தமிழைப் போலவே கன்னடம் பேசுகிறவன், ஊரில் வேலுவிடம் "எங்க பெங்களூரு மாதிரி வருமா" என்று வாய் கிழியப் பேசுகிறவன். அவனிடம் போய் எனக்கு என் தெருவிலேயே பயம் என்று எப்படிச் சொல்வது?

மதியம் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும்.

ஏப்ரல் 15, புதன்

நேற்று வருஷப் பிறப்பு. பாயசம், வடை, வேப்பம்பூப் பச்சடி. இன்று வயிறு சரியில்லை.

பக்கத்து வீட்டு மேரியக்கா வீட்டுக்கு வேலு போன் பண்ணினான். எங்களுக்கு வரும் போன் எல்லாம் அங்கேதான். நம்பர் மாற்ற கர்நாடகாவில் டாக்ஸ் கட்ட வேண்டும், தமிழ்நாட்டிலிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், அலைச்சல், 29க்குள் முடியாது என்று அடுக்கினேன். எல்லாம் நிஜம்தான். அதுதான் காரணம் என்பது மட்டும் பொய்.

"டாக்ஸ நான் கட்டறேன் மாமா. அக்காவுக்கு நான் செய்ற சீருன்னு வெச்சிக்கோ. மொதல்ல இதே நம்பர்ல ஓட்டு. பேப்பரு பின்னால மெதுவா மாத்திக்கலாம்."

கையில் காரணம் இல்லை. வாயில் வந்தது இது: "இல்ல வேலு, இன்ஜின ஒருதரம் எங்க மெக்கானிக்கு பாக்கட்டும்னு…"

எஸ்.டி.டி. மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் காசு. பிறகு, "சரி மாமா. கூட்டினு வா. பாக்கட்டும்."

டீத்தம்ளரை பானட் மேல் வைத்துக் காட்டியவன். அதே டீயை எனக்குக் குடிக்கக் கொடுத்தவன்.

மேரியக்கா சமையலறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது, "மச்சான் வண்டிக்கு மெக்கானிக்கா?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

மெக்கானிக்கை கி.கிரிக்குக் கூட்டிப் போகவில்லை. போகப் போவதும் இல்லை.

பாஷாவுடன் லிங்கராஜபுரம். சிவப்பு எண்ணூறு. கே.ஏ. நம்பர். புது பெயிண்ட், பளபள. ஸ்டோர்ஸில் இருந்து காந்தத் துண்டு ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுப் போயிருந்தேன். தகரமாக இருந்தால் ஒட்டும், உள்ளே பட்டி பூசியிருந்தால் விழுந்துவிடும். வலது கதவில் ஒட்டியது. இடது கதவில் வைத்தேன், செருப்பின் மேல் விழுந்தது. எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

பாஷா ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுக் காட்டினார். செம்மண் கரைத்த தண்ணீர். "சார், வித்தா எனக்கு கமிஷன். இருந்தாலும் சொல்றேன். ஹீட் ஆவுற வண்டி இது. ஊருக்குள்ள ஆஜுபாஜு போய் வர பரவால்ல. லாங் வாணா."

"சுத்தம் பண்ணினா சரியாயிடாதா?"

"ஆவலாம், ஆவாமலும் போவலாம். ஆமா, மச்சான் வண்டி இன்னா ஆச்சு? அத்த எடுத்துக்கோங்களேன்."

நம்பர் என்றேன். பாஷா ரேடியேட்டர் மூடியைத் திருகி மூடினார். சிரிக்கவில்லை. அவருக்கும் தெரியும், அவருக்கென்றும் சில பயங்கள் உண்டு. "சரி சார், உங்க இஷ்டம்" என்றார்.

சிவப்பு வண்டியையே பேசி முடித்தாயிற்று.

ஏப்ரல் 20, திங்கள்

வண்டி வீட்டுக்கு வந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை. மாலை, தேங்காய், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நான் முன்னால் எடுத்தபோது இடது பக்கப் பழம் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது. சரசா பொறுக்கி வந்து திரும்ப வைத்து, பின்னால் போய் மறுபடி வரச் சொன்னாள். ஐயர் வாட்சைப் பார்த்தார்.

தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். கலர் சூப்பர் என்றார்கள். ஒருத்தர்கூட நம்பரைப் பார்க்கவில்லை. அதற்காகத்தானே வாங்கினேன், யாரும் பார்க்கக் கூடாதென்று.

சரசா உட்கார்ந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். தம்பி வண்டியில் காலை நீட்டியது போல நீட்டவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

அல்சூர், எம்.ஜி. ரோடு, திரும்பி வீடு. டிராபிக்கில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறுகிறது. ஓடினால் இறங்குகிறது. ரேடியேட்டரைக் கழுவி ஊற்றியாயிற்று. மூன்றாவது வாளிக்கு அப்புறம்தான் தண்ணீர் தெளிவாக வந்தது. இனி சரியாகிவிடும்.

வேலு போன் பண்ணினானாம், சரசாவிடம் பேசியிருக்கிறான். காரை அவன் ஊரிலேயே ஒரு ரைஸ் மில்காரருக்குக் கொடுத்துவிட்டான். நாங்கள் சிவப்பு வண்டி எடுத்ததை அவளே சொல்லிவிட்டாள். "நல்ல வண்டியா இருந்தா சரிக்கா" என்று மட்டும் சொன்னானாம்.

"வேற ஒன்னும் சொல்லலியா?"

"இன்னா சொல்லணும்?"

ஏப்ரல் 26, ஞாயிறு

விடிகாலையில் ஹொஸ்கோட்டை வரை போய் வந்தேன். முள் அசையவே இல்லை. சந்தோஷம். பாஷா பயமுறுத்திவிட்டார்.

(காலை ஆறு மணிக்குக் குளிர்ந்த காற்றில், தனி ஆளாக ஓட்டினால் எந்த வண்டிக்குத்தான் சூடு ஏறும்? இதை இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. எழுதாமல் இருந்திருக்கலாம்.)

புதனுக்கு: வளையல் இரண்டு டஜன் வண்டியில். தலையணை. தண்ணீர்க் கேன் 2. மேரியக்காவிடம் சாயங்காலச் சாப்பாடு சொல்ல வேண்டும், கல்பனாவுக்குக் கறிக்குழம்பு ஆசையாம்.

ஏப்ரல் 29, புதன்

சாயங்காலம். வீடு. எல்லாம் முடிந்தது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இருட்டோடு கிளம்பி எட்டரைக்குத் திருப்பத்தூர். வண்டி ஒழுங்காகப் போயிற்று. வளைகாப்பு நன்றாக நடந்தது. கல்பனா இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், முகத்தில் சந்தனம். தாய்மாமன் முறைக்கு வேலு பஸ்ஸில் வந்திருந்தான். புடவை, தட்டு வரிசை, ஒரு குறை வைக்கவில்லை. என்னைப் பார்த்து, "வாங்க மாமா" என்றான். எப்போதும் "வா மாமா" என்பான். கடை இருக்கிறது என்று சாப்பிட்டதும் போய்விட்டான். சிவப்பு வண்டி வாசலிலேயே நின்றது, அதைச் சுற்றிப் போனான், தொட்டுப் பார்க்கவில்லை.

ராகுகாலத்துக்கு முன் என்று பத்தரைக்குக் கிளம்பினோம். சம்பந்தியம்மா ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்: "வாசப்படி தாண்டிட்டா குழந்தையோடதான் திரும்ப வரணும். பாத்துக் கூட்டினு போங்க."

கி.கிரி தாண்டும்வரை பரவாயில்லை. சூளகிரி ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது. பிறகு வெள்ளைப் புகை. பிறகு ஒரு சத்தம், குக்கர் விசில் மாதிரி. ஓரங்கட்டி நிறுத்தினேன். நின்றது நின்றதுதான்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது, ராகுகாலம். தார் ரோடு கொதிக்கிறது. ஒரு புளியமரம். சரசா கல்பனாவை அதன் அடியில் உட்கார வைத்துத் தலையணையை முதுகுக்கு வைத்தாள். பஸ்கள் நிற்காமல் போகின்றன. நின்றாலும் ஏற்ற முடியாது. திரும்பவும் போக முடியாது, வாசப்படி தாண்டியாயிற்று. கல்பனா அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இழுத்துப் புடிக்கிற மாதிரி இருக்குப்பா, ஒன்னுமில்ல" என்றாள். அவள் ஒன்றுமில்லை என்றதும்தான் எனக்கு உயிர் போயிற்று. தமிழ்நாட்டு ரோட்டில், பட்டப்பகலில், கே.ஏ. நம்பர் வண்டி நின்றுபோய், என் பெண் மரத்தடியில். எதற்குப் பயந்தேனோ அதிலிருந்து காப்பாற்றத்தான் இந்த வண்டியை வாங்கினேன்.

ஒரு லாரிக்காரர் ஏற்றிப் போய் எஸ்.டி.டி. பூத்தில் விட்டார். கூப்பிட ஒரே ஒரு நம்பர்தான் இருந்தது. வேலு எடுத்தான். எங்கே என்று மட்டும் கேட்டான். ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் வந்தான். வெள்ளை வண்டியில். ரைஸ் மில்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். சீட்டில் அதே டவல், பழைய சொந்தக்காரன் விரித்தது. கல்பனாவை முதலில் தண்ணீர் குடிக்க வைத்தான். "இன்னாமா, மாமன் வண்டி எப்டி?" என்றான். அவள் சிரித்துவிட்டாள். வலி நின்றுவிட்டது, வெயிலும் பயமும்தான். சிவப்பு வண்டியை சூளகிரி ஒர்க்‌ஷாப்காரர் வந்து இழுத்துப் போனார். இன்ஜின் ஹெட் போயிருக்கும் என்றார்.

ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளி எல்லைக்கு முன்னால் வேலு வண்டியை ஓரம் நிறுத்தினான். டயர் பார்க்கிறான் என்று நினைத்தேன். என் ஜன்னல் பக்கம் வந்து குனிந்து, மெதுவாக, பின்னால் கேட்காமல்:

"மாமா, உனக்கு பயமா இருந்தா நீ இங்க எறங்கி பஸ்ல வா. நான் அக்காவையும் கல்பனாவையும் பத்திரமா கொண்ணாந்து வுட்டுடறேன்."

கிண்டல் இல்லை. துளிகூட இல்லை. நிஜமாகவே எனக்காகக் கேட்டான். சரசா எப்போது சொன்னாளோ. எல்லாம் தெரிந்திருக்கிறது, ஆனால் மெக்கானிக் பார்க்கட்டும் என்று நான் சொன்னதை அவன் மறக்கவில்லை, நானும் அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது, உன் வண்டிமேல் ஒரு நாளும் சந்தேகம் இல்லை என்று. "ஓட்டு வேலு" என்று மட்டும் சொன்னேன்.

பொம்மனஹள்ளி, மடிவாளா. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிக்னலில் ஒரு டிராபிக் போலீஸ் கையை ஆட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். நான் கதவின் லாக்கை அழுத்தினேன். வந்தவர் பின் கதவைக் காட்டி, "சீரெ ஹொரகிதெ நோடி" என்றார். கல்பனாவின் புடவைத் தலைப்பு கதவிடுக்கில் மாட்டி வெளியே பறந்துகொண்டிருந்தது. சரசா கதவைத் திறந்து இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். இதற்காகவா.

நாலரைக்கு வீடு. மேரியக்கா ஆரத்தி எடுத்தார். கறிக்குழம்பு வாசனை தெருவரைக்கும். சரசா முதல் இலையைத் தம்பிக்குப் போட்டாள்.

வேலு உட்காரவில்லை. சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"சாப்டுட்டுப் போடா."

"இல்லக்கா. நம்ம வண்டியா இருந்தா சாப்டுட்டு, படுத்து எழுந்துகூட போவேன். அடுத்தவங்க வண்டி. ராத்திரிக்குள்ள வுடறேன்னு சொல்லிக் கேட்டு வாங்கினு வந்தேன்."

என் வீட்டில் கை நனைக்காமல் போனது இதுவே முதல் தடவை. கேட் வரை போனேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் டவலை நேராக்கி விட்டு, வண்டியை எடுத்தான். தெருமுனையில், அந்த வேன் நின்ற இடத்தில் திரும்பினான். இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினான்.

ஏப்ரல் 30, வியாழன்

விடிகாலையில் மாங்காய் மழை, கொஞ்சமாக. கல்பனா அசந்து தூங்குகிறாள், புரண்டு படுத்தால் வளையல் சத்தம்.

சூளகிரிக்குப் போன் பண்ண வேண்டும். அரை நாள் லீவு எழுத வேண்டும். காந்தத்தை ஸ்டோர்ஸில் திரும்ப வைக்க வேண்டும்.

மேரியக்கா வந்து சொன்னார், வேலு போன் பண்ணினானாம். வண்டியை நேற்றே விட்டுவிட்டானாம், கல்பனா எப்படி என்று கேட்டானாம். என்னைக் கூப்பிடச் சொன்னானா என்றேன். இல்லையே என்றார்.

அவனுக்கென்று எடுத்து வைத்த குழம்பை சரசா சுட வைத்து என் இட்லிமேல் ஊற்றினாள்.